மூடாத கம்பி

14-11-2006, செவ்வாய்

போன வாரம் சின்னமனூர்க் கல்யாணத்தில் கொழுந்தன் மகள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்ன பெரியம்மா, அங்கங்க நீலம் பாரிச்சுக் கெடக்கு? மருமக அடிக்காளா?" பந்தியே சிரித்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் கம்பி வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையால் வந்த தடம் அது. மறுநாளே நிறுத்திவிட்டேன்.

இன்று டாக்டரிடம் அதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். "யாரைக் கேட்டு நிப்பாட்டுனீக? ஸ்டென்ட்ல பூசுன மருந்து சதைய வளர விடாதும்மா. கம்பி இன்னும் மூடாமத்தான் இருக்கும். ரத்தம் அதுல எப்ப வேணாலும் உறையும்."

ஸ்டென்ட் வைக்கத் தொடையில் குழாய் விட்ட புண் ஒரு வாரத்தில் ஆறியது. உள்ளே எட்டு மாதமாக அந்தக் கம்பி வெறுமையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் அதைத் தொட்டுப் போகிறது. வலியே இல்லை.

மாத்திரையை மறுபடி போட்டுக்கொண்டேன். மகனிடம் சொல்லவில்லை. அறைக்கதவைத் தாழிடாமல் படுக்கிறேன். காலையில் அவன் அதை உடைக்கும்படி ஆகக் கூடாது.