அரை ஸ்பூன் பழம்

ஜூன் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டது என் தப்பு.

"பழம் வச்ச பிஸ்கட். டீச்சர் பாட்டி செய்வாங்களே, அது!"

டீச்சர் பாட்டி என்றால் என் சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் வீட்டுப் பாட்டியாம். வீட்டு நாற்காலி மாதிரி.

நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவிடம் மூச்சு விடாதே என்று மருமகளிடமும் சொன்னேன். "சரி அத்தை" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. என் விஷயம் என்றால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஜூன் 4

டீச்சரம்மா போன மாதம் கொடுத்த டப்பாவில் ஒன்று மிச்சம் இருந்தது. பிட்டுப் பார்த்தேன். ஆப்பிளும் பேரீச்சையும் சேர்த்துக் கிண்டி, நடுவில் ஒரு பொட்டு. பொட்டேதான். அரை ஸ்பூன் இருந்தால் அதிகம். இதற்கா இத்தனை பேர் மெச்சினார்கள்?

நான் செய்தால் கடித்ததும் வாய் நிறையப் பழம் வர வேண்டும். கஞ்சத்தனம் என் கைக்குப் பழக்கம் இல்லை.

ஜூன் 5

எல்லாம் வெடித்துவிட்டது.

அன்றே மாலை

மேலே எழுதியதைப் படித்தால் ஏதோ யுத்தம் மாதிரி இருக்கிறது. அதுதான் நடந்தது. ஓவனுக்குள் பழம் பொங்கி, ஓரம் பிளந்து, தட்டு முழுக்க ஓடித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து வந்த மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ரோடு போடறியா?" என்கிறான். இந்த வாய்க்குத்தான் ஊட்டி ஊட்டி வளர்த்தேன்.

ஓவன் சரியில்லை என்றேன். நல்லவேளை, ஓவன் எதிர்த்துப் பேசாது.

ஜூன் 6

ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முள்கரண்டியால் அழுத்தி ஒட்டினேன். அப்படியும் வெடித்தது.

"பழத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன் அத்தை" என்றாள் மருமகள். அம்மா புத்தி அப்படியே!

பேத்தி தட்டைப் பார்த்தாள். "பரவால்ல பாட்டி, கேக் போதும்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து இந்தப் பொடிசு பாவப்படுகிறதே — ஐயோ, இதுக்கா இவ்வளவு பாடு பட்டேன்?

ஜூன் 7, சனி

டீச்சரம்மா வந்து இறங்கினாள், வலது கையில் மாவுக்கட்டோடு. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எழுதியாயிற்று, அழிக்கப்போவதில்லை.

"இந்தக் கையால ஒண்ணும் முடியாது சம்பந்தியம்மா. நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

சொல்கிறாளாம்! அஞ்சாம் வகுப்போடு தப்பித்தேன் என்றிருந்தேன், வாத்தியார் வீடு தேடி வந்துவிட்டார்.

ஒரு ஸ்பூன் பழம் வைத்தேன்.

"பாதி எடுத்துடுங்க."

எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

"மிச்சத்தை யார் திங்கறது?"

"நாமதான்."

தின்றோம், சட்டியிலிருந்தே, இரண்டு கிழவிகளும். "என்னமா கிண்டியிருக்கீங்க! இந்தப் பதம் எனக்கு வந்ததே இல்ல" என்றாள், விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு.

ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஓவன் தானாகச் சரியாகிவிட்டது.

ஜூன் 8

பேத்தி ஒரு கடி கடித்தாள். வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "ஐ, டீச்சர் பாட்டி பிஸ்கட்!" என்று கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையாலயா செஞ்சேன்? எல்லாம் உங்க வீட்டுப் பாட்டி கைவேலை" என்றாள்.

முந்திக்கொண்டாள். பெருந்தன்மையிலும் முதல் மார்க் வாங்கியாக வேண்டும் இவளுக்கு.

ஜூலை 19, சனி

கட்டுப் பிரித்தாயிற்றாம். போன் செய்தாள். ஆனாலும் கை வலிக்கிறதாம், மாவு தொடவே முடியவில்லையாம், அதனால் நாளைக்கு இங்கே வருகிறாளாம்.

"நேத்து அம்மா வீடு பூரா ஒட்டடை அடிச்சாங்களாம் அத்தை" என்று மருமகள் கண்ணைச் சிமிட்டினாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்யும்.

பழம் கிண்டி வைத்துவிட்டேன். பிஸ்கட்டுக்கு அரை ஸ்பூன் என்றால் இது ரொம்ப அதிகம். அதனால் என்ன, மிச்சத்தைத் தின்னத்தான் ஆள் வருகிறதே.