லக்கலவில் நீ நட்ட பத்துமணிப் பூ

என் ஆசை ரீத்தா அக்கா,

நீ கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே மாத்தளையில் கிணறு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. முற்றத்துப் புல் முழுக்கக் கருகிப்போச்சு. உன் செடி மட்டும் பச்சையாய்த் தரையோடு படர்கிறது.

அடக்கம் முடிந்ததும் உன் சாமான்களை எடுக்க லக்கலவுக்குப் போனேன். மருத்துவிச்சி வேலைக்கு நீ அங்கே போனபோது, தனியாகக் கிடந்து வாடப்போகிறாள் என்று அம்மா அழுததுதான் வழியெல்லாம் நினைவு. போய்ப் பார்த்தால், கிளினிக்கோடு ஒட்டிய உன் குவார்ட்டர்ஸ் வாசலில் பாய் விரித்த மாதிரி இந்தப் பத்துமணிச் செடி. தடித்த ஊசி இலை. கிள்ளினால் விரலெல்லாம் ஈரம். வீட்டில் ஒரு ரோஜாத் தொட்டிக்குக்கூட நீ தண்ணீர் ஊற்றியதில்லையே?

எதிரே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கேட்டேன். உன்னை அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "மிஸ்ஸி நட்டதுதான். தண்ணியே ஊத்த மாட்டாங்க," என்றார். அந்த ஊரில் கடிகாரம் உள்ள வீடு குறைவாம். கர்ப்பிணிகளுக்கு ஆளுக்கொரு கிளை கிள்ளிக் கொடுத்து, பத்து மணிவாக்கில் அவரவர் வாசலில் பூ விரிந்ததும் கிளினிக்குக்குப் புறப்படச் சொல்வாயாம்.

மழை மூட்டத்தில் பூ விரியாதே என்றேன்.

"அன்னைக்கு மிஸ்ஸியே வீடு வீடா போயிருவாங்க."

அப்படியென்றால் நீ அங்கே தனியாகவே இல்லையா, அக்கா? ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஒரு கைப்பிடி கிள்ளி வந்தேன். பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியே அழுகவைத்தேன். வேண்டாமென்று உடைந்த ஓட்டுக் குவியலில் எறிந்த துண்டு பிழைத்துக்கொண்டது. பிறகு அதிலிருந்து கிள்ளி, கொஞ்சம் வாடவிட்டு, மணலில் ஓட்டுத்தூள் கலந்து நட்டேன். பிடித்துக்கொண்டது. இப்போது காலையில் அடுப்பை மறந்து மொட்டுகளின் பக்கத்தில் நிற்கிறேன். பூவை விரிக்கிறது சூடா, வெளிச்சமா? ஒரு மொட்டைச் சட்டியால் மூடிப் பார்த்தேன். சட்டி கொதித்தது, பூ விரியவில்லை. நீயும் இப்படிப் பார்த்திருப்பாயா?

நேற்று கடைக்குச் சரக்கெடுக்க மாத்தளைக்கு வந்த நானா வீட்டுக்கும் வந்தார். புது மிஸ்ஸி விடிந்ததும் கிளினிக்கைத் திறந்து, வெயில் ஏறுமுன் பூட்டிவிடுகிறாளாம். பெண்கள் பூ பார்த்து நடந்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்களாம்.

"நாங்க சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க வந்து சொல்லுங்க," என்றார்.

அந்தப் புது மிஸ்ஸி எப்படிப்பட்டவளோ, தெரியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு முந்தின நாளே பஸ் ஏறுகிறேன், அக்கா. நானா வீட்டில் தங்கி, காலையில் உன் வாசலுக்குப் போவேன். பூ விரிந்து முதல் தாய் வந்து சேரும்வரை அவளை என் பக்கத்தில் நிற்க வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
பிலோமினா