அய்யனாருக்கு நேர்ந்த குதிரை

பயிற்சி முகாம்,
10.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பா தனுஷாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? வந்த அன்றே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம்.

எல்லைக் காவல் படையில் சேர்ந்த புதிதில் துப்பாக்கி பிடித்ததோடு சரி. அதன்பிறகு சம்பளப் பிரிவில் கம்ப்யூட்டர் தட்டியவளை இங்கே முதுகில் மூட்டை ஏற்றி ஓட விடுகிறார்கள். நேற்று நான் சுட்டதில் பாதி, பக்கத்தில் சுட்ட ஆண்டாளின் குறி அட்டையில் போய் விழுந்தது. அவள் வந்து நன்றி சொன்னாள்! மூட்டையோடு மலையேறும் கடைசித் தேர்வில் தேறினால் எல்லைச் சாவடி. இல்லையென்றால் பழைய நாற்காலி.

பொங்கலுக்கு உங்கள் தம்பி சரத்குமார் கேட்டது நினைவிருக்கிறதா? "இன்னா அண்ணி, துப்பாக்கியத் தொட்டுக்கீறீங்களா, இல்ல மௌஸ் மட்டும்தானா?" எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. நான் தேறியே ஆக வேண்டும், மாமா.

அன்புடன்,
ராதிகா


நைனார்பாளையம்,
19.11.2024

அன்பு ராதிகாவுக்கு,

தனுஷாவுக்கு ரெட்டை ஜடை போடப் பழகிவிட்டேன். ஒன்று மேலே நிற்கிறது, ஒன்று கீழே தொங்குகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்குச் சவாரி கம்மி, கூச்சல் ஜாஸ்தி.

கோபப்படாமல் படி. கரியாலூர் அருவிக்குப் போனபோது, "முட்டி வலிக்குது, தூக்கிக்கினு போங்க மாமா" என்று பாதி வழியில் உட்கார்ந்தவள் நீ. எல்லையில் உன்னை யார் தூக்குவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, ராதிகா. உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை. நீ தேறாமல் ஆபீசுக்கே திரும்பிவிட்டால் மண்குதிரை செய்து வைப்பதாக ஏரிக்கரை அய்யனாரிடம் வேண்டிக்கொண்டேன்.

உன்,
அய்யப்பன்


பயிற்சி முகாம்,
28.11.2024

மாமா,

'அன்புள்ள' போடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் அழுதேன். மற்றவர்கள் வீட்டில் பிள்ளை ஜெயிக்க விளக்கேற்றுகிறார்கள். என் புருஷன் நான் தோற்கக் குதிரை நேர்ந்திருக்கிறார்! நல்லா இருக்குங்க நியாயம்!

அதுவும் யாரிடம்? குதிரையேறிப் போய் ஊர் எல்லையைக் காக்கிற சாமியிடம், எல்லைக் காவலுக்குப் போகிறவளைத் தடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டுதலை மாற்ற வேண்டாம். அவர் என்ன செய்கிறார், பார்த்துவிடுவோம்.

குண்டுகள் இப்போது என் அட்டையிலேயே விழுகின்றன. ஆண்டாளுக்குத்தான் வருத்தம். பிள்ளைக்கு ஒற்றை ஜடையே போடுங்கள்.

ராதிகா


பயிற்சி முகாம்,
15.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தேறிவிட்டேன்!

நல்ல மழை. கடைசி ஏற்றத்தில் முட்டி மடங்கி விழுந்தேன். ஆண்டாள் கை நீட்டினாள். வேண்டாமென்று நானே எழுந்தேன். யார் தூக்குவார்கள் என்று கேட்டீர்களே, உங்கள் மேலிருந்த கோபம்தான் தூக்கியது. உச்சிக்குப் போனதும் அந்தக் கோபமும் போய்விட்டது. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாதக் கடைசியில் சாவடிக்குக் கிளம்புகிறோம். அதற்குள் ஒரு வரியாவது எழுதுங்கள். துப்பாக்கியோடு எடுத்த போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள்,
ராதிகா


நைனார்பாளையம்,
22.12.2024

என் ராதிகாவுக்கு,

போட்டோவை ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். ஏறுகிறவர்கள் கேட்காவிட்டாலும், "எங்க வூட்டுக்காரம்மா" என்று நானே சொல்கிறேன். சரத்குமார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒன்னு குடுண்ணா" என்றான். உன்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நேற்று குதிரை செய்கிற மணிமொழி அண்ணனிடம் முன்பணம் கொடுத்தேன். "இன்னா அய்யப்பா, வேண்டுதல் பலிச்சிட்ச்சா?" என்றார்.

"இல்லண்ணே, பலிக்கல. அதுக்குத்தான் குதிரை."

குடித்திருக்கிறேனோ என்று கிட்டே வந்து மோந்து பார்த்தார்! அவரிடம் உன் கதையைச் சொன்னேன். குதிரையை நல்ல உயரமாகவே செய்து தருகிறேன் என்றார்.

அங்கிருந்து நேராக ஏரிக்கரைக்குப் போனேன். இந்தத் தடவை பேரம் எதுவும் பேசவில்லை. "அவளும் உன் வேலையத்தான் பாக்கப் போறா, கூட நில்லு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் புருஷன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமைப்படும்,
அய்யப்பன்