பார்சலைப் பிரிக்காதே

திருப்பூர்
12-8-1974

அன்பு மகள் சாரதாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எருமையும் சுகம், எருமை கொஞ்சம் கூடுதலாகவே சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் சுகமாயிருக்கச் சென்னிமலை ஆண்டவர் துணையிருப்பார். கண்ணு, முதல் காரியம், நான் அனுப்பிய பார்சல் வந்தால் உன் மாமியார் கண்ணில் படுமுன் வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடு. அதில் இரண்டு டஜன் குழந்தைப் பனியன் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, உன் கடிதத்தை நான்தான் உரக்க வாசித்தேன். இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது என்ற வரியையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அதற்குக் கீழே லேடி டாக்டர், சோதனை என்று ஆரம்பித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது, மீதியைப் பார்க்காமல் கடைசி வரிக்குத் தாவி, இப்படிக்கு உங்கள் மகள் என்று முடித்துவிட்டேன். நீ உண்டாகியிருக்கிறாய் என்று உன் அம்மா பக்கத்து வீட்டு மருதாளிடம் சொல்லிவிட்டாள், அப்புறம் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பனியன் கம்பெனியில் வாயை விட, டெய்லர் பொங்கியண்ணன் வெட்டுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு இருபத்துநாலு பனியன் தைத்துவிட்டான். அன்றே ரயிலில் போட்டேன். கம்பெனி சரக்கை ஒருநாளும் நான் அவ்வளவு வேகமாக அனுப்பியதில்லை.

மறுநாள் உனக்கு என்ன பத்தியம் எழுதலாம் என்று கேட்க, உன் அம்மா அந்தக் கடிதத்தை நம்மூர் ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் முழுக்க வாசித்திருக்கிறார். நீ கர்ப்பத்தடை மாத்திரையை நிறுத்தியது, சோதனையில் குழந்தை இல்லை என்று தெரிந்தது, இனிப் பிள்ளையே பிறக்காதோ என்று நீ அழுவது, மாத்திரை விஷயம் அத்தைக்குத் தெரிந்தால் என்ன செய்வேன் என்று கேட்டது, எல்லாம். உன் அம்மா ஊட்டுக்கு வந்து, “ஏனுங்க, புள்ள பயந்துபோய் எழுதியிருக்குது, நீங்க பாதியை முழுங்கிப்போட்டீங்களே” என்றாள்.

நர்சம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்தினால் சிலருக்கு மாதவிலக்கு திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகுமாம், அதற்காக மலடு ஆகிவிட மாட்டார்களாம். மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால் லேடி டாக்டரை மறுபடி பார்க்க வேண்டுமாம். மாதவிலக்கு என்று எழுதிவிட்டேன் பார், கை ஒன்றும் விழுந்துவிடவில்லை. பொங்கியண்ணன்தான் பேரனா பேத்தியா என்று தினமும் உயிரை எடுக்கிறான். சம்பந்தியம்மாள் பார்சலைப் பார்த்துவிட்டால் கம்பெனி சாம்பிள், எங்கப்பாவுக்குப் புத்தி அவ்வளவுதான் என்று சொல்லிவிடு. பேரப்பிள்ளை வருகிறபோது வரட்டும் கண்ணு, எங்கள் பிள்ளை நீ அழாமல் இருந்தால் அது போதும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். பதில் உடனே போடு, கார்டில் வேண்டாம், ஒட்டி அனுப்பும் இன்லண்டு கடிதத்தில் எழுது. மனதில் உள்ளதையெல்லாம் எழுது. உன் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் உரக்க வாசிப்பேன்.

உன் அப்பா,
மாரப்பன்