எந்தத் தலைக்கு எந்த முடி

பிள்ளைகளின் அம்மாவுக்கு, அன்புடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பயப்படும்படி இங்கே ஒன்றுமில்லை.

நீ டிவியில் பார்க்கும் தொடரின் குடும்பம் முழுவதும் எங்கள் பொம்மைக் கடையின் கண்ணாடி அலமாரியில், கழற்றி மாட்டும் குட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளாக நிற்கிறது. சேகரிப்பவர்கள் கொள்ளை விலை கொடுத்து வாங்குவார்கள். முதலாளி வெளியூர் போயிருக்கிறார். தூசியாக இருக்கிறதே என்று தலை, முடி, உடம்பு எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டுக் கழுவினேன். திரும்ப மாட்டும்போதுதான், எது யாருடையது என்று எனக்குத் தெரியாதென்பது உறைத்தது.

பில் போடும் அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன பெரியவரே, மாமியார் தலையில மருமக கொண்டையா? தொடர்லகூட இவ்வளவு ஒத்துமை கிடையாது. முதலாளி பாத்தா உங்களக் கழட்டி விட்டுருவாரு."

சிரித்துவைத்தேன். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். யாருக்கு எந்த முடி, என்ன நிறச் சட்டை என்று உடனே எழுது. ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி அதிகமாகவே எழுது. எனக்கும் படிக்க ஏதாவது வேண்டும்.

வாசலில் ஏதோ வண்டி நிற்கிறது. முதலாளியாக இருக்காது. எதற்கும் அலமாரியை மறைத்து நின்றுகொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்