மழை இல்லாத நாட்கள்

14.11.1996, வியாழன்

இன்றும் சங்கரிதான் ஜெயித்தாள். தச்சநல்லூர் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவள் வந்து இரண்டு மாதம். நான் வந்து ஐந்து வருடம்.

மலைமேல் இருக்கும் மாஞ்சோலை எஸ்டேட்டின் மழைக்கணக்கு புரோகிராம் நான் எழுதியது. அங்கே அளந்த மழை தினமும் சீட்டில் எழுதி பஸ்ஸில் வரும். தவறிய சீட்டைப் பிறகு யாரும் அனுப்புவதில்லை. கட்டம் காலியாக இருந்தால் புரோகிராம் நின்றுவிடும் என்று நான் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன்.

"மழ கொட்டுத அன்னைக்குத்தான சார் பஸ் வராது? அன்னைக்குப் போய் மழையே இல்லன்னு போட்டிருக்கிய," என்றாள். எந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், எது காலியாக இருக்கவே கூடாது என்று பிரித்தாள். காலியான நாளுக்குத் 'தெரியாது' என்று அச்சாகும்படி மாற்றினாள். ஒரு மணி நேரம்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளைய நிரந்தரமா வச்சுக்கிடலாமாவே? வேலை ஒழுங்காப் பாக்குதா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"சரி, வேண்டாம்னு சொல்லுதீரு," என்று எழுந்து போய்விட்டார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் போட்டுக்கொண்ட பூஜ்யத்தைத் திருத்தவும் இல்லை.