ஏரியை மட்டும் எடுத்த அம்மா

என் செல்ல அப்பா,

மணி பத்தாகிறது. அம்மா இப்போது நுங்கம்பாக்கத்தில் தேர்வு நடக்கும் ஹோட்டலுக்குள் போயிருப்பாள். வெளியே உட்கார வைத்திருப்பார்களா, உடனே கூப்பிட்டிருப்பார்களா? நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆமாம் அப்பா, தாம்பரத்தை விட்டுச் செங்கல்பட்டுக்கு வீடு மாற்றவே ஒத்துக்கொள்ளாத நம் அம்மாதான். அதற்கு இங்கிலீஷ் தேர்வில் தேற வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் போன வாரம் முடிந்தது. அவற்றில் பயமில்லை. இன்று பேச்சு. முதல் தடவை எழுதியபோது இதில்தான் கோட்டைவிட்டாள்.

இன்று தேறிவிட்டால் சில மாதங்களில் கிளம்பிவிடுவாள். நான் மேடவாக்கத்தில் அத்தை வீட்டில் இருந்து படிக்க வேண்டும். "அப்புறம் உன்னையும் கூட்டிக்கறேன்டி" என்கிறாள் அம்மா. அந்த 'அப்புறம்' எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அத்தை நல்லவள்தான், உங்கள் தங்கை அல்லவா. எனக்காக ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். ஜன்னலுக்கு நேராகத் தண்ணி லாரி நிற்கும். அதுகூடப் பரவாயில்லை.

பரவாயில்லாதது என்ன தெரியுமா? அம்மாவைப் பேசப் பழக்குகிறவள் நான்தான். நூலகத்திலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் படித்து வளர்த்த என் இங்கிலீஷ், அம்மாவைப் பிளேன் ஏற்றுவதற்குத்தான் உதவுகிறது. நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அவள் சீக்கிரம் போவாள். இப்படி ஒரு டீச்சர் வேலை யாருக்காவது கிடைத்திருக்குமா?

தினமும் டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, எனக்கு எதிரே கைகட்டி உட்காருவாள்.

"ஆரம்பிக்கலாமா மேடம்?"

"கையைக் கட்டாதம்மா. ஸ்கூல் பொண்ணு மாதிரி இருக்கு."

"நீ மட்டும் பெரிய வெள்ளைக்காரியாடி?"

போன தடவை அவளை மாட்டிவிட்ட கேள்வி இதுதான்: காட்சிகளைப் போட்டோ எடுக்கப் பிடிக்குமா? நகரத்துக் காட்சியா, கிராமத்துக் காட்சியா? மேற்குத் தாம்பரத்தில் அவள் படிக்கப் போகும் கோச்சிங்கில் இதற்கு ஒரு ஜெராக்ஸ் பதில் தருகிறார்கள். கிராமம்தான் பிடிக்கும், பச்சைப்பசேல் வயல், பனி மூடிய மலை, மன அமைதி. அம்மா அதை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். தேர்வு வைத்த பெண்மணி சிரித்துக்கொண்டே, "கடைசியாக எடுத்த படம் எது? அதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறார். ஜெராக்ஸில் அது இல்லை. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகும் கோச்சிங்கில் எல்லாரும் அதே வயலையும் மலையையும்தான் சொல்கிறார்களாம். அங்கே இருக்கும் சாரே ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "சிஸ்டர், காலையிலேர்ந்து எல்லாரும் பச்சைப்பசேல் பச்சைப்பசேல்னு சொல்லி என் கண்ணே பச்சையாயிடுச்சு. யாராவது ஒருத்தர் ஊட்டியாவது போயிருக்கீங்களா?" ஒருவரும் கை தூக்கவில்லையாம்.

"சரி, உண்மையைச் சொல்லும்மா. நாம என்ன காட்சி எடுத்திருக்கோம்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஆல்பங்களை எடுத்துத் தரையில் பரப்பினோம்.

அப்பா, நம் வீட்டில் ஒரு காட்சிகூட இல்லை. மகாபலிபுரம் கோயிலை அம்மாவின் தலை மறைக்கிறது. வண்டலூரில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து மட்டும்தான் இருக்கிறது, மீதி எல்லாம் நான். "ஆள் இல்லாம எதுக்குப் படம்? ரோல் வேஸ்ட்" என்று நீங்கள்தானே சொல்வீர்கள். எங்கே போனாலும் யாரையாவது முன்னால் நிறுத்திவிடுவீர்கள். காட்சி, தோளுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

"நான் என் கையால ஒரு படமும் எடுத்ததில்லடி" என்றாள் அம்மா. "நில்லுன்னா நின்னேன், அவ்ளோதான்."

எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று அத்தையிடம் டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தேன். அதில் ரோல் கிடையாது அப்பா, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிடலாம். போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நகரத்துக் காட்சிக்கு, தாம்பரம் ஸ்டேஷன் மேலே கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற நடைபாலம். மேலேயிருந்து தண்டவாளங்கள், பஸ் ஸ்டாண்டு, ஜிஎஸ்டி ரோட்டின் நெரிசல் எல்லாம் தெரியும். அம்மா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் சொன்ன முதல் வார்த்தை, "போய் நில்லுடி!"

"அம்மா, நான் காட்சி இல்ல!"

படிக்கட்டு ஓரத்தில் பூ விற்கிற அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாமா, ரயிலப் போயி புடிச்சிகினு கீறே? அது எங்க ஓடப்போவுது? என்னியப் புடி, பேப்பர்ல போடு!" என்றார். நம் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தலையை ஒதுக்கச் சொல்லி, கூடையைத் திருப்பி வைக்கச் சொல்லி எடுத்தாள். எங்கள் நகரத்துக் காட்சியில் முக்கால்வாசி பூக்கார அம்மாதான். தோளுக்கு மேலே ஒரு ரயில்.

பிறகு படப்பைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஏரி தெரிந்த இடத்தில் இறங்கினோம். நல்ல வெயில். கரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பழக்கத்தில் நானே போய்த் தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டேன். துப்பட்டாவைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

அம்மா கேமராவைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறக்கினாள்.

"தள்ளி நில்லு கயல்."

"ஏம்மா?"

"நீ இல்லாம எடுத்துப் பழகணும்."

தேர்வுக்காகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். சொன்ன பிறகு அவளுக்கும் அது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். நான் தள்ளி வந்து அவள் பின்னால் நின்றேன். அவள் ஏரியை மட்டும் எடுத்தாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

பஸ்ஸில் சும்மா இருக்கப் பிடிக்காமல், வேறு எதுவும் பேசத் தோன்றாமல், அந்தக் கேள்வியையே இங்கிலீஷில் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னாள். இங்கிலீஷ் அங்கங்கே தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், கேளுங்கள்.

'எங்கள் வீட்டில் காட்சியை எடுப்பதில்லை, ஆளைத்தான் எடுப்போம். அது என் கணவரின் பழக்கம். நகரத்தில் படம் எடுத்தால் யாராவது உள்ளே வந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். கிராமத்தில் ஒரு ஏரியை எடுத்தேன். என் மகளைத் தள்ளி நிற்கச் சொல்லி எடுத்தேன். படம் அழகாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.'

நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை அப்பா. ஒன்றிரண்டு வார்த்தைகளை மாற்றலாம். மாற்றவில்லை.

அந்தப் பதில் வந்த பிறகு மற்ற கேள்விகளும் திறந்துகொண்டன. பிடித்த சாப்பாடு, பக்கத்து வீட்டுக்காரர், மழை என்று எதைக் கேட்டாலும் நிஜமாக நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த வாரம் முழுக்க இப்படித்தான் பேசினாள். அவள் ஒவ்வொரு பதிலையும் முடித்துவிட்டு, "எப்படி மேடம்?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். நன்றாக இருந்தது என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அதைக் கவனித்தாளா?

இன்று காலை ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். கடற்கரை ரயில் வந்து நிற்கிற நேரம். அம்மா திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கயல், பயமா இருக்குடி. ஜெராக்ஸ்ல இருக்கறதையே சொல்லிடட்டா? அது சேஃப். நம்ம கதையெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?"

அப்பா, நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். அவள் போய்ப் பச்சைப்பசேல் என்று ஆரம்பித்து, பாதியில் நின்று, திரும்பி வந்திருப்பாள். வீட்டில் எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருந்திருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளே சொல்லியிருக்க மாட்டாள்.

ஆனால் போன தடவை தேர்விலிருந்து வந்த அன்று, கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாளே. அந்தச் சத்தத்தில் அவள் அழுவது எனக்குக் கேட்காது என்று நினைத்தாள். கேட்டது.

"ஏரியைச் சொல்லும்மா" என்றேன். "அதுல எதைக் கேட்டாலும் உனக்குப் பதில் தெரியும்."

"சொல்லும்போது அழுதுட்டேன்னா?"

"அழுதா இங்கிலீஷ்ல அழு."

சிரித்துவிட்டாள். சிரித்தபடியே லேடீஸ் பெட்டியில் ஏறினாள். கூட்டத்தில் அவள் முகம் உடனே மறைந்துவிட்டது.

அந்தக் கேள்வி இன்று வராமலே போகலாம். வேறு ஏதாவது கேட்பார்கள். ஆனால் இப்போது அம்மா எதைக் கேட்டாலும் பேசுவாள் அப்பா. தேறிவிடுவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் உட்கார முடியவில்லை. தேற வேண்டும் என்று சாமி படத்தின் முன்னால் நிற்கிறேன், நின்றுவிட்டு எதைக் கேட்டேன் என்றே சந்தேகமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பினால் தப்பா? உங்களிடம்தான் கேட்க முடியும், மாலை போட்ட படத்தில் இருக்கும் நீங்களோ பதில் சொல்வதில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அம்மா அங்கே போன பிறகு, போனில் பேசுகிற ஒவ்வொரு தடவையும் அவளிடம் இங்கிலீஷில் ஏதாவது கேட்பேன். மழையைக் கேட்பேன், வார்டைக் கேட்பேன், சாப்பாட்டைக் கேட்பேன். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்க மாட்டேன். அவளாகச் சொல்லும்வரை கேட்கவே மாட்டேன்.

உங்கள் மகளும், அம்மாவின் மேடமுமான
கயல்விழி